டால்பின்களின் காது டாக்டர்

பத்திரிகைப் பேட்டிக்காக நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போன அன்றுதான், நான் பேட்டி எடுக்க வேண்டிய ஆராய்ச்சியாளரைப் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பட்டுச் சேலை, கடல் வெயிலில் கறுத்த கைகள். எதிரே இருப்பவரின் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். சுங்கை வே தொழிற்சாலையில், இயந்திர இரைச்சலில் வேலை செய்யும் தொழிலாளர்களின் காதைச் சோதித்தபோது தொற்றியது. அங்கிருந்துதான் கிள்ளான் கடலுக்குப் போய், கப்பல் இரைச்சல் டால்பின்களை என்ன செய்கிறது என்று ஆராயத் தொடங்கினார்.

“மகள் காது டாக்டர்” என்று அவருடைய அம்மா கல்யாணத் தரகரிடம் சொல்லியிருந்தார். யாருடைய காது என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வலது காதை நீட்டினார். அந்தப் பெண் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“அழுக்குதான் அங்கிள், கிளினிக் போங்க. நான் பாக்குறது டால்பின் காது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“டால்பினா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடலாம் லா.”

“பேக்டரி ஆளுங்க ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவாங்க அங்கிள். டால்பின் எங்க போகும்?”

“அப்ப என் பையன் எங்க போவான்?”

“படகுல இடம் இருக்கு. வாந்தி எடுக்காம இருந்தா போதும்.”

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

“எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் குடுப்பீங்களா?”

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த கேள்விகளில் ஒன்றுகூட அவ்வளவு நன்றாக இல்லை.