மூன்று நாளாகியும் காயாத மிளகாய்

போன வாரம் வீட்டைப் புதுப்பித்தபோது, மொட்டை மாடி முழுக்க வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். ஏசி இல்லாமலே கோடையைத் தாண்டிவிடலாம், பூமிக்கும் நல்லது என்றேன்.

"சுண்ணாம்பு அடிச்சிட்டு பேச்சைப் பாரு" என்றாள் மனைவி.

இன்று காலை பக்கத்து வீட்டு செல்வி அக்கா கோபமாக வந்தார். வருஷா வருஷம் எங்கள் மாடியில்தான் அவர் மிளகாய் காய வைப்பார். அயனம்பாக்கத்தில் இப்படிக் கொதிக்கிற தரை வேறு கிடையாது என்பது அவர் கணிப்பு.

"இன்னா தம்பி, மாடிய இன்னா பண்ணி வெச்சிகிற? வெயிலு மண்டையப் பொளக்குது, தரை ஜில்லுனு கீது. மூணு நாளா என் மொளகா காயவே இல்ல!"

எனக்கு விருது வாங்கியதுபோல இருந்தது. பெருமையோடு மனைவியைப் பார்த்தேன். அவளோ கவலையோடு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மிளகாயில் அரைக்கும் தூளில்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது.

"தண்ணித் தொட்டி நெழல் வுழாத அந்த மூலைல, ஒரு பாய் விரிக்கிற அளவு சொரண்டி வுட்டுடு தம்பி."

அந்த மூலைக்கு நேர் கீழேதான் எங்கள் படுக்கையறை. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நாளைக்கே சொரண்டிடுவாரு அக்கா. நாங்க ஹால்ல படுத்துக்கிறோம்."

பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவன் கேட்கிறேன். பூச்சைச் சுரண்ட உப்புத்தாள் நல்லதா, உளி நல்லதா?