கணக்கில் சேராத தெலுங்கு

என் மார்க் பட்டியலில் மற்ற பாடங்களுக்கெல்லாம் பச்சை மையில் டிக் போட்டுக்கொண்டே வந்த பேராசிரியர் அம்மா, தெலுங்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

நான் போயிருந்தது பி.காம் மூன்றாம் வருஷத்தில் சேர. முதல் இரண்டு வருஷத்தை வேறு மாநிலத்தில், வேறு கல்லூரியில் முடித்திருந்தேன். அங்கே ஒவ்வொரு பாடத்திலும் தேறிச் சேர்த்த கிரெடிட்டை இங்கே மாற்றிக்கொண்டால் மிச்சம் ஒரே வருஷம்தான். அந்த ஒரு வருஷத்தை வீட்டில் கேட்டு வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

நான் பிறந்தது ஆந்திர எல்லையை ஒட்டிய ஏரிக்கரை ஊர், சுண்ணாம்புக்குளத்தில். எங்களுக்கு ஆந்திரா வெளியூர் இல்லை, சாமான் வாங்கப் போகிற இடம். அப்பாவையே நைனா என்று கூப்பிடுகிற வீடு எங்களுடையது. பஸ் வசதியோடு இருந்த கல்லூரியும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே மொழிப்பாடமாகத் தமிழும் எடுக்கலாம், தெலுங்கும் எடுக்கலாம். தமிழ் வகுப்பு வாத்தியார் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தெலுங்கில் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று எனக்கு முன்னால் போன எங்கள் ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். பேச்சுதான் பிறந்ததிலிருந்தே தெரியுமே, எழுத்தை ஒரு கோடை லீவில் கற்றுக்கொண்டு போனேன். என் மார்க் பட்டியலில் எல்லாவற்றையும்விட உயர்ந்த மார்க் தெலுங்குக்குத்தான். அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பீற்றியிருப்பேன்! எல்லை தாண்டிப் படித்த எங்கள் பிள்ளைகள் எல்லாரும் செய்த தப்புதான் இது. ஆனால் அவர்கள் அங்கேயே முடித்துக்கொண்டார்கள், பிழைத்தார்கள்.

எனக்கு இரண்டாம் வருஷம் முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஏரியின் தென்பக்கம், கோட்டைக்குப்பம். கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம் என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள். சொன்னதை யாரும் இல்லை என்று மறுக்கவில்லை, அவ்வளவுதான். இங்கிருந்து அந்தக் கல்லூரிக்குத் தினமும் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. அதற்குள் பிள்ளையும் பிறந்தது. என் கிரெடிட்டெல்லாம் போனில் தெரியும். பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் பாடம் பாடமாக வரிசையில் நிற்கும். பால் கொடுத்துக்கொண்டே அதைத் திறந்து பார்ப்பேன். பார்க்கத்தான் முடியும். அதை வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்ள ஒரு காலக்கெடு உண்டு. இந்த வருஷத்தோடு முடிகிறது என்று தெரிந்ததும் ஒற்றைக் காலில் நின்றேன்.

வீட்டில் சிக்கல் பிள்ளைதான். மாமியார் விடிவதற்குள் மீன் கூடையோடு கிளம்பிவிடுவார். மாமனாரும் என் கணவரும் ஏரியில் இருப்பார்கள். தவழ்கிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருக்கும் ஆள் என் நாத்தனார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் உதவியாளர் படிப்புக்குப் போகக் காத்திருந்தவள். எங்கள் இருவரில் ஒருத்திதான் வீட்டைவிட்டுப் போக முடியும். இரண்டு பேருமே போகிறோம் என்று நின்றோம்.

கணவர் ஊர் வழக்கத்தையே எடுத்து வைத்தார். எங்கள் ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான், வலை போடுகிறவர்களோ நிறைய. அதனால் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை போட்டால் பஞ்சாயத்துக்குப் போய் நிற்க வேண்டியதுதான். இந்த வருஷம் அண்ணி பாடு, அடுத்த வருஷம் தங்கச்சி பாடு என்று கணவர் சொன்னார். மாமனார் தலையாட்டினார். எனக்குப் பிறகு தன் முறை வந்துவிடும் என்பதால் நாத்தனாரும் ஒத்துக்கொண்டாள். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். ஒரு வருஷம் போதும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதே நான்தானே.

பேராசிரியர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இந்தக் கல்லூரியில் தெலுங்குப் பாடமே கிடையாது. இல்லாத பாடத்தின் கிரெடிட்டை எதோடு பொருத்துவது? ஆகவே தமிழ் நான்கு தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஒரு தாள்தான், அதுவும் வகுப்பில் உட்கார்ந்து, வருகைப்பதிவோடு. அப்படியானால் இரண்டு வருஷம். நடுவில் நின்றால் மாற்றிய கிரெடிட்டும் செல்லாமல் போய்விடும் என்றார்.

"தமிழ்தானேம்மா. உனக்கு இன்னா கஷ்டம்?" என்று பக்கத்து மேசை கிளார்க் ஆறுதல் சொன்னார்.

கஷ்டம் தமிழில் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தமிழை நான் ஒரு மாதத்தில் எழுதித் தள்ளிவிடுவேன், ஒரே நாளில் நான்கு தாளையும் கொடுங்கள் என்று கேட்டேன். கிளார்க் சிரித்தார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

நைனாவுக்குப் போன் செய்து அழுதேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். சுண்ணாம்புக்குளத்து ஆள் கோட்டைக்குப்பத்தில் வந்து, எனக்கு அங்கே பாடு இருக்கிறது, இங்கேயும் கொடு என்றால் கொடுப்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கணவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு இந்தச் சட்டம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு தண்ணீரில் உள்ள உரிமை இன்னொரு தண்ணீருக்குச் செல்லாது என்று பிறவியிலேயே தெரிந்தவர்கள். ஒரு கல்லூரிக்கு எதிராகக் கொஞ்சம் சத்தம் போட எனக்கு ஒரு மனுஷர் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

மிச்சம் இருந்தது நாத்தனார். இந்த வருஷம் சேராவிட்டால் என் இரண்டு வருஷப் படிப்பும் போயிற்று. சேர்ந்தாலும், அடுத்த வருஷத்தையும் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தால்தான் டிகிரி. கணவரிடம் கேட்டேன். அது அவள் முறை, அவளிடமே கேள் என்று நழுவிவிட்டார்.

அவள் கொல்லையில் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெலுங்கு, தமிழ் நான்கு தாள், நடுவில் நிறுத்தினால் எல்லாம் செல்லாமல் போவது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைத் துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் இளகிவிட்டது போலத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. உன் முறையையும் சேர்த்து எனக்குக் கொடு, அதற்கடுத்த வருஷம் நீ போ, நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றேன்.

"அதுக்கடுத்த வருஷம் என்னைக் கட்டிக் குடுத்துடுவாங்க அண்ணி," என்றாள்.

இல்லை, நான் பேசி நிறுத்துவேன் என்றேன். கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாமே என்றும் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"உம் பாடு முடிஞ்சா வலைய எடுத்துடணும். மீனு பட்டுச்சா இல்லையானு யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பேராசிரியர் அம்மா நல்லவர், கணவர் நல்லவர், இவளும் நல்லவள். எல்லாரும் நியாயம் பேசிப் பேசியே என்னை நாலு பக்கமும் அடைத்துவிட்டார்கள். அன்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன்.

ஆனாலும் என் முறையை விட மனமில்லை, சேர்ந்துவிட்டேன். முதல் வருஷப் பிள்ளைகளோடு தமிழ் வகுப்பில் உட்கார்கிறேன். என்னை டீச்சர் என்று நினைத்து முதல் நாள் எழுந்து நின்றார்கள். மூன்றாம் வருஷப் பாடங்களிலும் நல்ல மார்க் வருகிறது. நாத்தனார் என் பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது சோறு எடுத்து வைத்திருக்கிறாள், அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்கிறாள். தமிழில் எத்தனை தாள் மிச்சம் என்று மட்டும் அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

வருகிற ஜூனில் மூன்றாம் வருஷம் முடிந்துவிடும். தமிழில் இரண்டு தாள் பாக்கி இருக்கும். காலையில் நாத்தனார் தன் படிப்புக்கு பஸ் ஏறக் கிளம்புவாள். பிள்ளை அதற்குள் நன்றாக நடக்கும், கையை விட்டால் தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடும். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போனைத் திறந்தால் செல்லாத கிரெடிட் முன்னைவிட நிறைய இருக்கும். டிகிரி இருக்காது.