என் மனைவிக்கு விழுந்த கராஜ் பாஸ்

என் மனைவிக்குக் கார்ப் பந்தயம் பிடிக்காது. போன கோடைவரை நான் போட்டிக்குப் போன பதினொரு வருடத்தில் ஒரேயொரு முறைதான் என்னோடு பார்க்க வந்தாள். இருபதுக்கு மேற்பட்ட ஸ்டொக் கார்கள் ஒன்றாகக் கிளம்பியபோது எழுந்த சத்தத்தில் முன்வரிசையில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது. இவள் காதுக்குள் அடைப்பானைச் செருகிக்கொண்டு, என் தோளில் சாய்ந்து, போட்டி முடியும்வரை நித்திரை கொண்டாள். எல்லாரும் எழும்பிக் கைதட்டியபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முடிஞ்சுதோ? ஆர் வெண்டது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிடவில்லை.

நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். சாரதிகள் இளைப்பாறும் அறையில் எந்நேரமும் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதில்தான் முதன்முதலில் ஸ்டொக் கார்ப் போட்டியைப் பார்த்தேன். பார்த்தால் வீதியில் போகும் சாதாரணக் கார்கள் மாதிரி இருந்தன. ஆனால் ஒன்றின் வாலை ஒன்று முட்டுமளவு நெருங்கி, ஒரே திசையில் சுற்றிச் சுற்றி ஓடின. நாள் முழுக்க எச்சரிக்கை விளக்குப் போட்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஊர்ந்து ஊர்ந்து பஸ் ஓட்டுகிறவனுக்கு அதைப் பார்க்க ஒரு வெறி வந்துவிட்டது. அடுத்த கோடையில் ஒரு ரிக்கெற் வாங்கினேன். அன்றிலிருந்து வருடம் ஒருமுறை, நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஓட்டப் பாதைக்குப் போய், பார்வையாளர்கள் இருக்கும் கலரியின் மேல்வரிசையில் இருந்துவிடுவேன். சிவப்புக் காரில் ஓடும் ஒருவன்தான் என் ஆள். அவனுடைய இலக்கம் போட்ட தொப்பி ஒன்றும் வைத்திருந்தேன். வெயிலில் நிறம் மங்கிப் போன தொப்பி. அந்தப் பாதையில் அவன் ஒருமுறையேனும் முதலாவதாக வந்து நான் பார்த்ததில்லை.

சாதாரண ரிக்கெற் வாங்கினால் கலரியில் இருக்கலாம். அதற்கு மேலே காசு கட்டினால் கராஜ் பாஸ் என்று ஒன்று தருவார்கள். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பாதையின் உள்வட்டத்துக்கே போகலாம். காரைக் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு நடுவில் நடந்து திரியலாம். போட்டி நடக்கும்போது, கார்கள் ரயர் மாற்ற வந்து நிற்கும் பிற் என்ற இடத்தின் மதிலுக்குப் பின்னால் நிற்கலாம். ஒவ்வொரு வருடமும் ரிக்கெற் வாங்கும்போது திரையில் அந்தப் பாஸ் வந்து நிற்கும். நானும் ஒவ்வொரு வருடமும் அதைத் தாண்டிப் போய்விடுவேன்.

"அது சும்மா காசைக் கரியாக்கிற வேலை. உள்ளுக்கை நிண்டால் பாதையிலை பாதிதான் தெரியும். மேலை இருந்தால்தான் ரேஸ்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லுவேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாஸைத் தொங்கவிட்டபடி உள்வட்டத்தில் நடக்கிறவர்களைத் தொலைநோக்கியால் பார்க்கும்போது என் வயிறு எரியும். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

என் மனைவி கார்ப் பாகங்கள் விநியோகிக்கிற கொம்பனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன கோடையில் அந்தக் கொம்பனி ஒரு பந்தயக் காரில் தன் பெயரைப் போட்டு அதற்கு அனுசரணை கொடுத்தது. அதற்காகக் கிடைத்த பாஸ்களை வேலையாட்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்தார்கள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் வேலையால் வந்து, கைப்பைக்குள் இருந்து நாடா கோத்த ஒரு அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்.

"இஞ்சை பாருங்கோ, எனக்கு என்ன விழுந்திருக்கெண்டு."

பார்த்தேன். கராஜ் பாஸ். அவளுடைய பெயர். அவளுடைய படம்.

"உதை என்ரை பேருக்கு மாத்தேலாதோ?"

"கேட்டனான். மாத்தேலாதாம்."

"உண்மையாக் கேட்டனீரோ?"

"சத்தியமாக் கேட்டனானப்பா. எனக்கும் உந்தச் சத்தத்துக்கை போய் நிக்க விருப்பமே? திருப்பிக் குடுத்தால் அடுத்த ஆளுக்குக் குடுப்பாங்கள். குடுக்கட்டோ?"

யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அந்த அட்டையோடு உள்ளே போவதை நினைக்க அது இன்னும் மோசமாக இருந்தது. "வேண்டாம், நீர் போட்டு வாரும்" என்றேன். அவள் குளிக்கப் போனதும் கணினியைத் திறந்து எனக்கும் ஒன்று வாங்கலாமா என்று பார்த்தேன். பதினொரு வருடமாக வாங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் அன்றைக்கு, விற்று முடிந்துவிட்டது என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மில்லிக்கனில் எங்கள் வீட்டில் இருந்து வெளிக்கிட்டோம். கராஜுக்குள் செருப்போடு விடமாட்டார்கள் என்று வாசித்துவிட்டு அவள் நடைக்குப் போடும் சப்பாத்தைப் போட்டிருந்தாள். காரில் ஏறும்போது, "வெயிலாக் கிடக்குது. உங்கடை தொப்பியைத் தாங்கோவன்" என்றாள். கொடுத்தேன். வழியில் பிக்கரிங் நகரம் தாண்டும்வரை ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். அங்கே என்னென்ன பார்க்க வேண்டும், யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவள் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு போனில் எதையோ தட்டினாள்.

வாசலில் பிரிந்தோம். கலரிக்குப் போகும் வரிசை வாகனத் தரிப்பிடம்வரை வளைந்து நின்றது. அவளுடைய வாசலில் வரிசையே இல்லை. காவலாளி அவளுடைய கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்து, தலையைக் குனித்து, வழி விட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மேல்வரிசையில் என் வழக்கமான இடத்தில் இருந்து தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே அவளைப் பிடித்துவிட்டேன். நிறம் மங்கிய தொப்பி என்பதால் தேடுவது சுலபமாக இருந்தது. நான் சொன்ன இடம் எதற்கும் அவள் போகவில்லை. அவளுடைய கொம்பனியின் பெயர் போட்ட காருக்குப் பின்னால், ரயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றாள். செந்தாடி வைத்த ஒரு வாட்டசாட்டமான இளைஞன் ஒரு ரயரை நிமிர்த்தி வைத்து ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். அவள் குனிந்து ரயரைத் தொட்டுப் பார்த்தாள். கேள்வி கேட்டாள். அவன் இன்னொரு ரயரை உருட்டி வந்து முதலாவதுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தப் போட்டியைப் பற்றி நான் எத்தனை தரம் அவளுக்குச் சொல்லியிருப்பேன்! சாப்பாட்டு மேசையில், காரில், கடைக்குப் போகும் வழியில். ஒருமுறையாவது அவள் இப்படிக் குனிந்து நின்று கேட்டிருப்பாளா? எனக்கு அந்தப் பாஸில் இருந்த எரிச்சல் போய் அந்தச் செந்தாடிக்காரனில் எரிச்சல் வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்துகொண்டன.

போனில் ஒரு படம் வந்து விழுந்தது. என் தொப்பி. அதன் நெற்றியில் கறுப்பு மையால் கையெழுத்து. சிவப்புக் கார்க்காரன், என் ஆள், அவனுடைய கையெழுத்து. அதற்கு மேலே, அன்புடன் என்று எழுதி, என் மனைவியின் பெயரை எழுதியிருந்தான். ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிச் சொல்லியிருப்பாள். கீழே அவளுடைய செய்தி: "நல்ல பெடியன். கன நேரம் கதைச்சவன்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

போட்டி தொடங்கியது. வழக்கமாக அந்த நேரத்தில் எனக்கு மூச்சு விடவே மறந்துபோகும். அன்றைக்கு நான் இரண்டு சுற்றுப் பார்ப்பேன், பிறகு தொலைநோக்கி தானாகவே உள்வட்டத்துக்குப் போய்விடும். அவளுக்கு யாரோ பெரிய காதுக் கவசம் கொடுத்திருந்தார்கள். மதிலுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். கார் ரயர் மாற்ற வந்தபோது துள்ளினாள். செந்தாடிக்காரன் மாற்றி எடுத்த ரயரைக் கொண்டுவந்து, அதில் ஒட்டியிருந்த றப்பரைச் சுரண்டி, ஒரு துண்டை அவளுடைய கையில் வைத்தான். அவள் அதை மணந்து பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒவ்வொரு வருடமும் அங்கே வருகிறவர். என் முழங்கையைத் தட்டி, பந்தயம் பாதையில் அல்லவா நடக்கிறது, நீ எங்கே பார்க்கிறாய் என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். சமாளித்துவிட்டுத் திரும்பவும் அங்கேதான் பார்த்தேன்.

திடீரென்று கலரி முழுதும் எழும்பியது. கிழவர் கத்தினார். நான் தொலைநோக்கியை இறக்கிவிட்டு என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் கொடி விழுந்துவிட்டது. சிவப்புக் கார்க்காரன் கையை வெளியே நீட்டியபடி மெதுவாகச் சுற்றி வந்தான். என் ஆள் வென்றுவிட்டான். பதினொரு வருடம் காத்திருந்த அந்தக் கடைசிச் சுற்றை, அங்கேயே இருந்தும், நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் வாய் ஓயவில்லை. "உங்களுக்குத் தெரியுமே, வலப்பக்க ரயர் இடப்பக்கத்தைவிடப் பெரிசாம். எப்பவும் இடப்பக்கம் திரும்பிறதாலை. கையை விட்டால் கார் தானாவே இடப்பக்கம் போகுமாம்!"

"தெரியும்" என்றேன். தெரியாது. கால் நூற்றாண்டாக வாகனம் ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு புதினமான விசயம் என்று அவளுக்கு விளங்கியிருக்காது. இன்னும் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

"சரி, கடைசியிலை எப்பிடி வெண்டவன்? எனக்கு மதில்தான் தெரிஞ்சது. எல்லாரும் கத்தினாங்கள், நானும் கத்தினன். நீங்கள் சொல்லுங்கோ."

முதன்முறையாக அவளாகவே என்னிடம் பந்தயத்தைப் பற்றிக் கேட்டாள். என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே கதை கட்டிச் சொன்னேன். கடைசி வளைவில் சிவப்புக் கார் வெளிப்பக்கத்தால், மதிலை உரசிக்கொண்டு, நீலக் காரை முந்தியது என்றேன். தீப்பொறிகூடப் பறந்தது என்றேன். அவள் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் என்னையே பார்த்துக் கேட்டாள். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் போனோடு வந்து பக்கத்தில் இருந்தாள். யாரோ அந்தக் கடைசிச் சுற்றின் வீடியோவை ஏற்றியிருந்தார்கள். நீலக் கார் கொஞ்சம் அகலமாகத் திரும்ப, சிவப்புக் கார் உள்பக்கத்தால் நுழைந்து, ஒரு உரசலும் இல்லாமல் போய்க்கொண்டேயிருந்தது. அவள் அதை இரண்டாம் தரமும் போட்டுக் காட்டினாள்.

"தீப்பொறி எங்கை?"

நான் புட்டைப் பிசைந்தேன்.

"அப்ப நீங்கள் எங்கை பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

"உம்மைத்தான்."

"என்னையோ? ரேஸ் முழுக்கவோ? ஏன்?"

மறைத்துப் பிரயோசனமில்லை. "எரிச்சல்" என்றேன். "நான் நிக்க வேண்டிய இடத்திலை நீர் நிண்டீர். அதோடை அந்தத் தாடிக்காரன் சொன்னதை எப்பிடிக் கேட்டுக்கொண்டு நிண்டீர்! நான் இவ்வளவு காலமாச் சொல்லுறன், ஒரு நாள் கேட்டிருப்பீரோ?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பெடியன் நான் கேட்டதுக்குப் பதில் சொன்னவன். 'உது ஏன் பெரிசு?' எண்டு கேட்டன், சொன்னவன். நீங்கள் நான் கேக்க முதல் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுவியள். எனக்குக் கேக்க என்ன இருக்கு? நித்திரைதான் வரும்."

எழுந்து போய் எனக்குக் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள். அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாள் முயன்று பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இந்த வருடம் எனக்கென்று ஒரு கராஜ் பாஸ் வாங்கினேன். அவள் வரவில்லை, ஒருதரம் பார்த்தாயிற்று, போதும் என்றாள். சூடான றப்பர் மணமும், கார் வந்து நிற்கும்போது நெஞ்சுக்குள் இடிக்கும் சத்தமும் நான் நினைத்ததைவிட மேலாக இருந்தன. போட்டியை மட்டும் பாதிதான் பார்த்தேன். செந்தாடிக்காரனைத் தேடிப் போய், போன வருடம் உங்களிடம் ரயரைப் பற்றிக் கேட்ட பெண்ணின் கணவன் என்று சொன்னேன். அவனுடைய முகம் மலர்ந்தது. "ஓ, அவர் வரவில்லையா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

போன கிழமை, என்னோடு பஸ் ஓட்டுகிற கூட்டாளி ஒருவன் எனக்குப் போன் எடுத்தான். அடுத்த வருடம் மகளோடு போகப் போகிறானாம். கராஜ் பாஸுக்குக் கொடுக்கிற காசு தகுமா என்று கேட்டான். காசைக் கரியாக்கிற வேலை என்று அவனுக்கு எத்தனையோ தரம் சொன்னவன் நான். இப்போது மாற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. நான் இழுப்பதைக் கேட்டுவிட்டு, "மச்சான், நீ போனை அக்காட்டைக் குடு" என்றான். என் மனைவியைத்தான் அக்கா என்றான்; அவள் உள்ளே போய் வந்த கதை அவனுக்குத் தெரியும்.

கொடுத்தேன். அவள் குசினிக்குள் நின்றபடியே அரை மணித்தியாலம் கதைத்தாள். தகும் என்றாள், ஆனால் ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் மேலே போய் இருங்கோ என்றாள். கராஜுக்குள் எந்த நேரம் போக வேண்டும், எங்கே நின்றால் இடைஞ்சல் இல்லை, மகளை எதைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நான் மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு விசயம் நான் கேட்காதவை, அவள் எனக்கு ஒருநாளும் சொல்லாதவை.