வில் பிடிக்கிற கையில் அம்மன் காப்பு

இன்று கிருமாம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் என் தங்கை மகள் பவித்ராவுக்கு வில்வித்தை செலக்‌ஷன். வில் பிடிக்கும் இடது கையில் நான் கட்டிவிட்ட அம்மன் காப்பு.

பயிற்சி கொடுக்கும் மிஸ் தடுத்தார். "கயித்துல மஞ்சத்துண்டு தொங்குது. நாணு அதுல மாட்டும். அவுத்தாதான் வுடுவேன்."

"இன்னா மிஸ் இது, அம்மன் தேரு முடியற வரைக்கும் அவுக்கக்கூடாது!" என்றேன்.

"பெரிம்மா, எம்பேரு கூப்புடுறாங்க!" பவித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மஞ்சளைப் புறங்கைப் பக்கம் திருப்பிக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினேன். மிஸ் நாணை இழுத்துப் பார்த்து, "சரி, போ" என்றார்.

ஆறு அம்பில் நான்கு நடு வட்டத்தில். செலக்ட் ஆகிவிட்டாள்!

கிளம்பும்போது மிஸ் சொன்னார்: "அடுத்த வருசம் வலது கையில கட்டுங்கம்மா."

பெண்பிள்ளைக்கு வலது கையில் காப்பா? உங்கள் ஊர்ப் பூசாரியைக் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் பூசாரியிடம் கேட்க எனக்குப் பயம்.