வீட்டுக்கு ஓர் ஆள்

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம். மதுரையில் மில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நான், அய்யாவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா போனபின் உத்தமபாளையம் பக்கம் எங்கள் கிராமத்தில் அவர் ஒண்டியாகக் கிடந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வாய்க்கால் வெட்டு முடியட்டும், வருகிறேன் என்றார்.

முதல் போகத்துக்கு ஆற்றில் தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி வாய்க்காலில் மண் அள்ள வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆள் வராத வீட்டு வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர். அந்த வருடம் இறங்கியவர்களில் தலை கறுத்தவன் நான் ஒருவன்தான். மற்ற வாலிபர்கள் பட்டாளத்திலோ, மலைத் தோட்டத்திலோ, என்னைப்போல் பட்டணத்திலோ இருந்தார்கள். அய்யாவைக் கரையில் உட்காரச் சொல்லிவிட்டு மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். கிழவர்கள் நாலு வெட்டுக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். நான் நிமிரவே இல்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு.

மத்தியானத்துக்குள் எங்கள் பங்கை முடித்தேன், மற்றவர்களைவிட ஒரு முழம் ஆழமாகவே. வாய்க்கால் அடியில் மட்டத்துக்கு ஒரு கல் பதித்திருக்கும். கல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் பள்ளத்தில் தங்கிவிடும், எங்கள் மடைக்கு ஏறாது. ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பத்து வயதில் ஊரைவிட்டுப் படிக்கப் போனவன் நான், அந்தக் கல்லையும் பெயர்த்துக் கரையில் எறிந்திருந்தேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கிழவர்கள் தங்கள் பங்கை அப்படியே போட்டுவிட்டு வந்து, களிமண் சுமந்து பள்ளத்தை மூடி மிதித்தார்கள். அய்யாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கல்லைப் பழைய மட்டத்தில் பதித்தது அவர்தான். நான் சும்மா நின்றேன்.

சாயங்காலம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி கரைக்கு வந்து, எந்த வீட்டுக்கு யார் ஆள் என்று வரிசையாகக் கணக்குக் கேட்டார். எங்கள் முறை வந்ததும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒங்க வீட்டு ஆளு யாரு மாமா?”

“நாந்தேன்,” என்றார் அய்யா. “அவன் விருந்தாளியால்ல வந்திருக்கான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். ஊரார் முன்னால் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். மறுநாள் பஸ்ஸடி வரை வந்து வழியனுப்பினார். என்னோடு வந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.