ஆறாம் நம்பர் கணினி

"பி ஏ ஃபோர், பி சி செவன், பி ஏ ஃபோர், பி பி எஃப்." காதுக்குள் ஓடும் ஆங்கிலக் குரலை விசையைத் தட்டி நிறுத்துகிறார் துளசிங்கம். "தேதி" என்கிறார். ஒரு சொல் முடிந்தது. மறுபடி அம்புக்குறி விசை, மறுபடி குரல்.

மேற்குத் தாம்பரத்தில் ஃபயாஸ் நடத்தும் பிரவுசிங் சென்டர். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஆறாம் நம்பர் கணினியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மற்ற நாட்களில் துளசிங்கம் கடற்கரை மின்சார ரயிலில் இருப்பார். பாஸ் கவர், ரேஷன் கார்டு கவர் விற்பது தொழில். கழுத்தில் ஒரு பை, கையில் மடக்குக் கோல். பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாற்றில் பி.ஏ. முடித்திருக்கிறார், அதை ரயிலில் யாரும் கேட்பதில்லை.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அந்தக் கணினியில் உண்டு. தமிழ்க்குரலும் உண்டு. ஆனால் எந்தக் குரலில் படிப்பது என்பதைப் பக்கம்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முதல் வரியில் மொழியைக் குறிக்க ஓர் இடம் இருக்கிறது. துளசிங்கம் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் வாரியத்தின் பக்கம், உள்ளே முழுக்கத் தமிழை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஆங்கிலம் என்கிறது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழெழுத்து தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் உள்ள குறியீட்டெண்ணைப் படித்துவிட்டுப் போகிறது. அவர் அத்தனை எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

"போன் நம்பர் மனப்பாடமா வெச்சிருக்கறவங்கள பாத்துக்கீறேன்," என்கிறார் ஃபயாஸ். "ஆனா ஆவன்னாவ நம்பரா வெச்சிருக்கறவரு இந்த அண்ணன் ஒருத்தருதான் சார்."

"உனக்கு இன்னாடா, கண்ணு கீது, பேசுவ," என்கிறார் துளசிங்கம், ஹெட்போனைக் கழற்றாமல்.

யாரையாவது படித்துச் சொல்லச் சொன்னால் என்ன என்று பக்கத்துக் கணினியிலிருந்து நான் கேட்டேன்.

"போன வருச லிஸ்ட்ட ஒருத்தன் படிச்சான் சார். 'முக்கியமா ஒண்ணும் இல்லண்ணா'ன்னுட்டு பூட்டான். கடைசி வரில கீழ குட்டியா ஒரு குறிப்பு. சர்ட்டிபிகேட் காட்ட வேண்டிய தேதி. அந்த தேதில நான் குரோம்பேட்டைல கவர் வித்துகினு இருந்தேன்."

வாரியத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை; பார்வையற்றோருக்கான இடம். வயது வரம்பு நாற்பது. வருகிற ஏப்ரலில் அவருக்கு நாற்பது முடிகிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் இந்த 2009ஆம் ஆண்டுப் பட்டியல்தான் கடைசி.

ஆறு திங்கட்கிழமைகளாக வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவருகிறார். முதல் வரியில் ஆங்கிலம் என்று இருப்பதைத் தமிழ் என்று மாற்றுங்கள், 'en' இருக்கும் இடத்தில் 'ta', இரண்டெழுத்து வேலை, உங்கள் பக்கம் எனக்குப் பேசும். ஆறு முறையும் 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பதில். அதை மட்டும் மென்பொருள் தடங்கலில்லாமல் படித்தது. "அவனுக்கு முடிஞ்சிடுச்சாம்," என்றார்.

அலுத்துப்போனால் ஒரு சமையல் பக்கத்துக்குப் போவார். எழுதியவர் யாரென்று தெரியாது. மொழியைச் சரியாகக் குறித்திருக்கிறார். அங்கே போனதும் குரல் மாறும், வத்தக்குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லும். துளசிங்கம் அடுப்பைத் தொட்டதில்லை. கடைசிவரை கேட்பார்.

போன திங்கட்கிழமை பட்டியல் வெளியானது. பக்கத்தைத் திறந்தார். "கிராஃபிக்," என்றது குரல். அம்புக்குறியைத் தட்டினார். "கிராஃபிக்." மறுபடி தட்டினார். எண்கூட வரவில்லை.

ஃபயாஸ் எழுந்துவந்து பார்த்தார். "பக்கத்த மாத்திட்டாங்கண்ணா. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி படமா போட்டுக்கீறாங்க. இனிமே எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ் தெரியும்னு மேல எழுதிக்கீது."

"எனக்கு?"

ஃபயாஸ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் படிக்கவா?" என்றார்.

"படி. ஒண்ணு விடாம படி."

நாலு பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் துளசிங்கத்தின் பதிவெண் இருந்தது. ஃபயாஸ் அவர் தோளைத் தட்டினார். துளசிங்கம் சிரிக்கவில்லை.

"கீழ. கடைசில குறிப்பு கீதா பாரு."

"கீது. பொடி எழுத்து." ஃபயாஸ் படத்தைப் பெரிதாக்கினார், எழுத்து இன்னும் கலங்கியது. மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்தார். "ஸ்கேன்ல அழிஞ்சிக்கீதுண்ணா. தேதின்னு தெரியுது. எந்த தேதின்னு தெரியல."

"வாரியத்துக்கு போன் போடு."

பட்டியலிலிருந்த எண்ணுக்கு மூன்று முறை அடித்தார். ஆபரேட்டர் இல்லை போலும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

துளசிங்கம் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "எங்க கீது?" என்றார். ஃபயாஸ் அவர் கையைப் பிடித்துத் திரையின் அடியில் வைத்தார். துளசிங்கம் சுட்டுவிரல் நுனியை வழவழத்த கண்ணாடியின் மேல் மெல்ல நகர்த்தினார், பிரெய்ல் படிப்பதுபோல, இடமிருந்து வலமாக. வரி முடிந்ததும் விரலை எடுத்து, மறுபடி இடப்பக்கம் வைத்தார்.