எல்லாரும் திரும்ப, ஆனந்தி மட்டும் முன்னே

எங்க சின்னையன் மச்சானுக்கு ரெண்டு மருமகள்கள். மூத்தவள் ஆனந்தி, வண்டிப்பெரியார் பொன்ராஜின் மகள். பொன்ராஜுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை; அவருடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலை ஏறினவர். ஆனந்தி சின்ன வயதிலேயே கராத்தே படித்து பிளாக் பெல்ட் வாங்கினவள். மச்சானின் மூத்த மகன் பிரதீப்பைக் கட்டிக்கொண்டு மீனாட்சிபுரம் வந்த முதல் வாரமே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கை காலை வீச ஆரம்பித்துவிட்டாள்.

மாமியார் சரஸ்வதியம்மாள், "அம்மிணி, கொஞ்சம் தள்ளிப் போயி உதை. மாடு உன்னையப் பாத்துக் கத்துக்கிச்சுன்னா, பால் கறக்கப் போறது நானாக்கும்" என்றாள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லித்தர ஆள் தேடினார்கள். ஆனால் அவர்கள் கேட்டது டேக்வாண்டோ. அதில் பிளாக் பெல்ட் இருந்தால்தான் வேலை. ஆனந்திக்கு அந்த வேலை வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜோமோன் மாஸ்டர் டேக்வாண்டோ வகுப்பு நடத்திவந்தார். கராத்தே படித்தவர்களை அவர் சேர்க்கமாட்டார் என்று ஊரில் பேச்சு. ஆனந்தி தன் கராத்தேயைப் பற்றி மூச்சுவிடவில்லை. புதுசாகச் சேருகிறவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடு வரிசையில் போய் நின்றாள்.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பேட்டர்னுக்கு, அதாவது அடவு வரிசைக்கு, சோன்-ஜி என்று பேர். இடது பக்கம் திரும்பிக் கீழே ஒரு தடுப்பு, ஒரு எட்டு வைத்துக் குத்து. எதிர்ப்பக்கம் திரும்பி மறுபடி அதே. பிறகு நேராக முன்பக்கம். கராத்தேயில் இதைக் கட்டா என்பார்கள்; ஆனந்தி சிறுமியாகப் படித்த முதல் கட்டாவும் இப்படியேதான். உடம்பு தானாகப் போனது. முன்பக்கம் ஒரு குத்து விட்டதும் டேக்வாண்டோவில் பின்னால் திரும்பவேண்டும். கராத்தேயில் இன்னும் முன்னே போய்க் குத்தவேண்டும்.

எல்லாரும் திரும்பினார்கள். ஆனந்தி முன்னே போனாள். அவளுக்கு முன்னால் நின்ற பாங்க் கிளார்க் மணிகண்டன் திரும்பினதும் கண்டது அவள் கைமுட்டியை. அவர் நெஞ்சுக்கு ஒரு விரல் இடைவெளியில் அது அசையாமல் நின்றது.

மாஸ்டர் அந்தக் கையையே பார்த்தார். "கராத்தே எத்தன வருஷம்?"

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து, மாஸ்டர்."

"ஏன் மறச்சே?"

"நீங்க சேக்கமாட்டீங்கன்னு சொன்னாவ. நீங்க சேக்கலன்னா அந்த ஸ்கூல் வேல எனக்கில்ல."

"கராத்தேக்காரங்க வந்த ரெண்டாவது வாரமே எனக்குக் கிளாஸ் எடுப்பாங்க. அவங்களத்தான் ஆகாது. சரி, உன் கட்டாவச் செய். பக்கத்துல நான் என்னோடதச் செய்யறேன்."

மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ரெண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள், ஒன்றாகத் தடுத்தார்கள், ஒன்றாகக் குத்தினார்கள். அவள் இடுப்பைத் தாழ்த்தி வழுக்கிப் போனாள். அவர் அலை மாதிரி எழும்பி அமர்ந்து போனார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் அவர் பின்னால் திரும்ப, அவள் முன்னே போனாள்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "கொரியாவுல இத உண்டாக்குன ஆளுங்கள்ல பலரும் ஜப்பானுக்குப் படிக்கப் போயி கராத்தே கத்தவங்க. அந்தக் கராத்தே ஒக்கினாவாத் தீவுலேர்ந்து ஜப்பான் வந்தது. அந்தத் தீவுக்குச் சீனாவுலேர்ந்தும் வித்தை வந்துச்சு. டேக்வாண்டோக்காரங்கள்ல சில பேரு இத ஒத்துக்கமாட்டாங்க. நீ இரு. ஆனா பெல்ட் வெள்ளதான், குறுக்கு வழி கெடையாது."

"வெள்ளையே இருக்கட்டும் மாஸ்டர். சீக்கிரம் அழுக்காக்கிருவேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரஸ்வதியம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது. "ரெண்டுக்கும் ஒரே குலதெய்வம்னு சொல்லு. பங்காளிங்க."

"ஆமாத்தே."

"பின்ன எப்படி ஒத்துக்குவானுங்க? உங்க மாமனும் அவரு பெரியப்பன் மகனும் ஒரே கோயில்லதான் பொங்க வெக்கறாங்க. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கறாங்களா?"

ஆனந்தி சொன்ன மாதிரியே வெள்ளையை அழுக்காக்கி, ஒவ்வொரு நிறமாகக் கடந்து, கறுப்பை வாங்கினாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் மாஸ்டர். சோன்-ஜி செய்துகாட்டும்போது அந்த இடம் வந்தால் பிள்ளைகள் அவள் காலைத்தான் பார்ப்பார்கள். அது ஒரு இமைப்பொழுது முன்னே போகப் பார்க்கும், பிறகு திரும்பும்.

"அங்க என்னட்டி பாக்கிய?" என்பாள் ஆனந்தி. "அது பொறந்த வீட்ட எட்டிப் பாத்துட்டு வருது. நீங்க திரும்புங்க."